விரல் கொஞ்சம் தடிமன்

வெள்ளிக்கிழமை மதியம். ஆண்களெல்லாம் தொழுகைக்குப் போய்விட்டதால் ஜகார்த்தாவின் அந்த அலுவலகம் அமைதியாகக் கிடக்கிறது. சோறு கட்டி வந்த பழுப்புத் தாளின் மெழுகு பூசாத பக்கத்தில் வெனிங் பென்சிலால் வரைகிறாள். கல்லூரியில் அவளைவிட நன்றாக வரைந்த ராத்ரி, எதிரே கைபேசியைத் தடவியபடி எட்டிப் பார்க்கிறாள். தாளில் இருப்பது ராத்ரியேதான். கைபேசியைப் பிடித்த விரல்களில் உயிர் துடிக்கிறது. ராத்ரிக்கு வயிறு எரிகிறது.

"வேலைக்கு வந்தப்புறம் எனக்கு மூச்சு விடவே நேரமில்லடி. உனக்கு மட்டும் எங்கருந்து கெடைக்குது?"

"தொழுகை முடிஞ்சு அவங்க வர்ற வரைக்கும்தான். நீ நாடகம் பாக்குற நேரம்!" வெனிங் சிரிக்கிறாள். "கை வரையறதுல நீதானே ராணி. சரியா வந்திருக்கா, சொல்லு."

அச்சு அசலாக வந்திருக்கிறது.

"விரல் கொஞ்சம் தடிமன்," என்கிறாள் ராத்ரி.

"அப்படியா?" வெனிங் உடனே ரப்பரை எடுத்து அந்தக் கையை அழிக்கிறாள். ராத்ரி தடுக்கவில்லை.