நோயாளி வேஷம்

நர்ஸான மகள் செலினை அயர்லாந்துக்கு அனுப்ப, மூட்டை தூக்கும் சவரிமுத்து வாங்கிய கடன் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அங்கே வேலை வேண்டுமென்றால், நோயாளியிடம் இங்கிலீஷில் ஆறுதலாகப் பேசிக் காட்டும் பரீட்சையில் தேற வேண்டும். ஒரு தடவை தோற்றுவிட்டாள். இதுவும் போனால் மறுபடி ஃபீஸ் கட்டப் பணமில்லை. அதனால் தினமும் சவரிமுத்துதான் நோயாளி. அவள் இங்கிலீஷில் கேட்பாள். அவள் சொல்லிவைத்த இடத்தைத் தொட்டு அவர் முனகுவார்.

“நீங்க சினிமாவுல நடிக்கப் போயிருக்கலாம்ப்பா” என்று சிரிப்பாள்.

விடிந்தால் பரீட்சை. அன்று மூட்டை இறக்கும்போதே அவருக்கு நெஞ்சை அடைத்து வலித்தது. சாயங்காலம் அவள் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கேள்வி அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், “விளையாடாதீங்கப்பா, இன்னைக்கு முட்டிவலி” என்றாள்.

சவரிமுத்து கையை மெல்ல இறக்கி முட்டியில் வைத்தார்.

“நல்லாக் கேக்குற தாயி. இன்னொருக்கா கேளு.”