பிஸ்கட் டப்பாத் தோட்டாக்கள்

"நல்லதெல்லாம் உனக்கு, நொள்ளையெல்லாம் தங்கச்சிக்கா? உனக்கே நல்லா இருக்காடா?"

நான் கேட்டதற்கு நெவில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறை மேஜையில் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக அதில் உருட்டிக்கொண்டிருந்தான்.

போட்டிக்கென்றே செய்த 'மேட்ச் தோட்டா' என்று பெட்டியில் அச்சடித்து யானை விலை வாங்குகிறார்கள். ஆனாலும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. உருளும்போது முனை ஆடாமல் வந்தால் அது நேரானது. மரப்பெட்டிக்குப் போகும். இம்மி ஆடினாலும் கோணல். பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். கண்ணாடியில் இம்மி ஆடுவது ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ஒரு சாண் விலகிப் போய்விடும்.

மரப்பெட்டி நெவிலுக்கு. டப்பா அவன் தங்கை ரோனாவுக்கு.

"இருக்கிற நல்லது ஒருத்தருக்குத்தான்டா காணும், ஆர்ச்சி" என்றான்.

"அந்த ஒருத்தன் எப்பவும் நீதானா?"

ரோனா ஆட்டுக் கொட்டகையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். "விடுங்க ஆர்ச்சி அண்ணே. எங்கண்ணன் கஞ்சத்தனம் ஊரறிஞ்ச விஷயம்தானே" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் துப்பாக்கி சுடும் இறுதிப் போட்டி. ஜெயித்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தோற்றவர்கள் தோளில் சுமந்து போவது எங்கள் சங்கத்து வழக்கம். அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. அண்ணன் தங்கை இருவருக்குமே வருஷக்கணக்காக அதன்மேல் கண். இருவரும் சுமந்ததுதான் மிச்சம்.

நியூஸிலாந்தில் செம்மறி ஆட்டுக்கு அடுத்தபடி எங்களிடம் அதிகம் இருப்பது காற்றுதான். மறுநாள் வடமேற்குக் காற்று மலையிறங்கி வந்து பேயாட்டம் போட்டது. இலக்குவரை நட்டிருந்த காற்றுக் கொடிகள் ஆளுக்கொரு திசையைக் காட்டின.

நெவில் முதலில் சுட்டான். எட்டுக் குண்டு அருமை. கடைசி இரண்டைக் காற்று தள்ளிவிட்டது. ஆனாலும் அவனைத் தாண்ட ஆளில்லை.

ரோனாதான் பாக்கி. பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் மதிப்பெண்ணை நான் குறித்தேன். ஒவ்வொரு குண்டாக அண்ணனை நெருங்கினாள். கடைசிக் குண்டு நட்டநடுவில் விழுந்தால் நாற்காலி அவளுக்கு. கொஞ்சம் பிசகினாலும் நெவிலுக்கு.

ஒரு கொடி தளர்ந்தது. அவள் சுடவில்லை. இன்னொன்றும் தளர்ந்தது. அப்போதும் சுடவில்லை.

'நேரம் ஓடுதேம்மா, சுட்டுத் தொலையேன்!' என்று வாய்க்குள் பல்லைக் கடித்தேன்.

எதிர்ச்சரிவில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றுக்கேற்பத் துப்பாக்கியின் குறிக்காட்டியை ஒரு திருகு திருகினாள். சுட்டாள்.

குண்டு பட்ட இடத்தைக் குறிக்க இலக்குப் பலகை கீழே இறங்கியது. என் உயிரும் கூடவே இறங்கியது. பலகை மேலே வந்தபோது, அடையாள வட்டு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது!

என் தொப்பி எந்தப் பக்கம் பறந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்றைத்தான் கேட்க வேண்டும்.

மடியில் பிஸ்கட் டப்பாவோடு ரோனாவை நாற்காலியில் ஏற்றினோம். முன்கம்புக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவன் நெவில். இன்னொரு கம்பு எனக்கு. ஊரே கத்திக் கைதட்டியது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்னால்? "கோணல் தோட்டாவாலேயே உன்னைக் கவுத்துட்டா பாத்தியா? உனக்கு நல்லா வேணும்!"

நெவில் சிரித்துக்கொண்டே கிசுகிசுத்தான். "காலையில மாத்தி வச்சுட்டேன்டா. நல்லதெல்லாம் டப்பாவுல. கோணலை நான் எடுத்துக்கிட்டேன்."

"அடப்பாவி! அதை நேராவே குடுத்திருக்கலாமே?"

"கையில குடுத்தா வாங்குவாளா? மூஞ்சியில விட்டெறிவா. அதான் கஞ்சன்னே பேர் இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ உளறி வைக்காத."

எப்பேர்ப்பட்ட மனுஷனை என்னவெல்லாம் பேசிவிட்டேன்!

சங்கக் கட்டட வாசலில் நாற்காலியை இறக்கினோம். எல்லாருக்கும் பீர் வாங்க நெவில் உள்ளே ஓடினான்.

"டப்பாவுல மிச்சம் இருந்தா ஒண்ணு குடும்மா" என்றேன் ரோனாவிடம். "ஞாபகமா வச்சுக்கிறேன்."

கொடுத்தாள். அண்ணன் பாசம் எவ்வளவு நேராக ஓடுகிறது பார்ப்போம் என்று, வாசலில் கிடந்த கண்ணாடி மேஜையில் அதை உருட்டினேன்.

முனை, குடிகாரன் தலை மாதிரி ஆடிக்கொண்டே போனது.

மறுபடி உருட்டினேன். மறுபடியும் அதே ஆட்டம். நிமிர்ந்து ரோனாவைப் பார்த்தேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஒண்ணை உருட்டிப் பாத்தேன் அண்ணே, ஆடவே இல்ல. எங்கண்ணன் வேலைன்னு புரிஞ்சுபோச்சு. அவன் குளிக்கப் போனப்ப எல்லாத்தையும் திருப்பி மாத்திட்டேன். எத்தனை வருஷமா இந்த நாற்காலிக்கு ஏங்குறான், பாவம். நல்ல தோட்டாவை அவன்தான் சுடணும்னு தோணுச்சு. அவன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"அவ்வளவு பாசம் இருக்கிறவ, அவனை ஜெயிக்க விட்டிருக்கலாமே?"

ரோனா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"தோட்டாவைத்தான் அண்ணே விட்டுக்கொடுத்தேன். நாற்காலியை இல்ல."