ஏழாம் வரியின் மேல் விழுந்த பழி

ஜாவா நிரலைப் படித்துச் சரிபார்த்துவந்த கம்பைலர், ஏழாம் வரியின் முன் நின்றுவிட்டது.

"பிழை உன்னிடந்தான். உன்னை அழிக்கச் சொல்லப்போகிறேன்."

ஏழாம் வரி தன்னைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தது. ஒரு குறையுமில்லை.

"ஐயா, பைத்தான் மொழியிலிருந்து மேல்வீட்டுக்குக் குடிவந்திருக்கும் ஆறாம் வரியையும் விசாரியுங்களேன்!"

"என்னையா?" என்று சிரித்தது ஆறாம் வரி. "எங்கள் ஊரில் வரி முடிந்தால் பேச்சு முடிந்தது. கடைசியில் அரைப்புள்ளி வைக்கும் வழக்கமே கிடையாது."

"அடப்பாவி! நீ முடிக்காத பேச்சை நான் தொடர்ந்ததாக அல்லவா இவர் படித்துவிட்டார்!"

ஆறாம் வரி பதறிப்போய் அரைப்புள்ளியை வைத்தது. கம்பைலர் மறுபடியும் படித்தது. ஆறையும் ஏழையும் தாண்டி, மறுபேச்சின்றி எட்டாம் வரிக்குப் போயிற்று.

ஏழாம் வரிக்கு உயிர் வந்தது.

"இங்கே வேறு என்னென்ன வழக்கம் உண்டு, அண்ணே;" என்று, கேள்விக்கும் அரைப்புள்ளி வைத்துக் கேட்டது ஆறாம் வரி.