கட்டைவிரலில் சுண்ணாம்பு

செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார்கள். கழற்றிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு கட்டைவிரல்களிலும் சுண்ணாம்பு. காலையில் மனைவி கோகிலா தடவியது.

நீர்க்கடுப்பு என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. கத்திரி வெயில். போர்வெல் வண்டியோடு வடக்கே மாதக்கணக்கில் காய்ந்துவிட்டுப் போன வாரம் வந்த உடம்பு. சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். பிறகு அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகம் மறையச் சுண்ணாம்பு பூசினாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

சொல்ல என்ன இருக்கிறது? வடக்கே ஒரு ஊர். ஒரு சாயங்காலம். ஒரு பெண். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எரிச்சல் மட்டும் ரயிலேறி அவனோடு வந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டு. பால்வினை நோய்க்குப் பரிசோதிக்கும் அறை. வெளியே சுகவாழ்வு மையம் என்று பலகை வைத்திருந்தார்கள். பெயரில் ஒரு குறையும் இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் கேட்டார்கள். கொடுத்துவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரையில் கால்கள் இருந்தன.

ஓரத்தில் இருந்த பெரியவரின் கட்டைவிரல்களும் வெள்ளை. அடுத்து, இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட் போட்டவருக்கும் வெள்ளை.

அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பேண்ட்காரர் விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டார். அவனும் மடக்கிக்கொண்டான்.

எந்தெந்த வீட்டிலோ யார் யாரோ குனிந்து தடவிவிட்டிருக்கிறார்கள்.

மின்விசிறி சுற்றியது. கண் செருகியது.

போர்வெல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குழியிலிருந்து பாறைப்புழுதி வெள்ளை வெள்ளையாக எழுந்தது. பெஞ்சில் இருந்த எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். எல்லோர் காலிலும் புழுதி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோகிலாவும் வந்து நின்றாள். தண்ணீர் வருமா என்று யாரும் கேட்கவில்லை. வந்தது. ஆள் உயரத்துக்கு எழும்பி, எல்லோர் காலையும் கழுவிக்கொண்டு ஓடியது. கோகிலா சத்தம் போட்டுச் சிரித்தாள்.

பெயரைச் சொல்லாமல், தோளைத் தட்டிக் கூப்பிட்டார்கள்.

தொற்று இருக்கிறது என்றார் ஆலோசகர் அம்மா. மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார். அவனுக்கு அழுகை வரப் பார்த்தது.

“வீட்ல அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் பார்த்துடணும்.”

தலையை நன்றாக ஆட்டினான்.

கூட்டி வருவதாக இல்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பாள். மாத்திரையை விழுங்கினால் தீர்ந்தது. எதுவும் தெரியாமல் அவள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பறிகொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காற்றுகூடக் குளிர்ந்ததுபோல் இருந்தது. ஊர் முக்கில் இறங்கி, அவளுக்குப் பிடிக்கும் என்று நுங்கு வாங்கினான்.

கதவு சாத்தியிருக்கவில்லை. கோகிலா வெறுந்தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் வெந்தயத் தண்ணீர் டம்ளர். பாதி குடித்திருந்தாள்.

அவன் நுங்கைக் கீழே வைத்தான். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தான்.

கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளையாக இருந்தன.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வெயில் அசையாமல் நின்றது.

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். ஒரு பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கைலி நுனியால் அந்தச் சுண்ணாம்பைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்துவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும்போல் இருந்தது.

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“ஏனுங்க, தொடச்சறாதீங்க. எனக்கும் ரண்டு நாளா எரியுது. இந்த வெயிலு ஆரை உட்டுச்சு?”

அவன் கை நின்றது. காலை மட்டும் விடவில்லை.

“கோகிலா,” என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.