ஹெஸ்டர் அத்தை போட்ட டீ

ரூபி, போன்ல கத்தாம கேளுடி. பெர்ட்ரம் மாமா நாற்காலியில வாயைத் தொறந்தபடி கிடக்காரு. அசைவே இல்ல.

கொஞ்ச நேரம் முன்னாடி ஹெஸ்டர் அத்தை ரெண்டு கப்புல டீ ஊத்தி, தன் கப்புல மட்டும் ஏதோ வெள்ளைப் பொடி போட்டாங்க. தலைவலிப் பொடின்னு நெனச்சேன். கேக் எடுக்க உள்ள போனாங்க. மாமா டக்குனு ரெண்டு கப்பையும் மாத்தி வெச்சாரு.

"என்ன மாமா இது?"

"பின்ன? உங்க அத்தை வினிஃப்ரெட் ஆஸ்கம்ங்கிற எழுத்தாளரோட ரசிகர் மன்றத்துச் செயலாளராச்சே! அந்தத் துப்பறியும் கதைக்காரி செத்து நாப்பது வருஷமாச்சு. இன்னும் வியாழக்கிழமையானா ஊர்ப் பொம்பளைங்க கேக்கை மென்னுக்கிட்டே, எந்த விஷத்துக்கு ருசி தெரியாதுன்னு ஆராய்ச்சி பண்றாளுங்க. நான் உஷாரா இருக்க வேணாமா? பத்து வருஷமா தினமும் மாத்திடறேன். அந்த மக்குக்குத் தெரியவே தெரியாது!"

சிரிச்சுக்கிட்டே குடிச்சாரு. அப்படியே சாஞ்சாரு.

அத்தை கேக்கோட வந்தாங்க. நான் அலறினேன். "அத்தை, உங்க தலைவலிப் பொடியை மாமா குடிச்சிட்டாரு! கப்பை மாத்திட்டாரு!"

"தெரியும்டி. பத்து வருஷமா மாத்தறாரே." அத்தை நிதானமா கேக்கை நறுக்கினாங்க. "எனக்கு எந்தக் காலத்துல தலைவலி வந்துச்சு?"

"டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணலாம். பாவம், நடுங்கறியே. முதல்ல ஒரு டீ குடி."

என் முன்னால ஒரு கப், அவங்க இடத்துல ஒரு கப் வெச்சுட்டு, ஜாம் எடுக்க உள்ள போயிருக்காங்க.

ரூபி, இப்ப நான் கப்பை மாத்தணுமா, மாத்தக் கூடாதா?