மச்சானுக்கு இல்லாத காரா?

"இன்னும் எரியுதா தம்பி?"

"இப்பதான சார் பானட்டத் தூக்குனேன். நீங்க மொதல்ல ஒக்காருங்க" என்றான் மெக்கானிக் டேவிட் ராஜ்.

திருநாவுக்கரசு உட்காரவில்லை. கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. தலையை வெளியே எடுத்தார், ஒர்க்ஷாப் வாசல்வரை நடந்தார், திரும்பி வந்து மறுபடியும் தலையை விட்டார்.

மறுநாள் சிதம்பரத்தில் அவருடைய மனைவி கலைமணியின் அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, கூடம் நிறைய சொந்தக்காரர்கள் இருக்க, திருநாவுக்கரசு எழுந்து நின்று, நகர் நலச் சங்கத் தலைவருக்கே உரிய குரலில் அறிவித்திருந்தார். "மச்சானுக்கு இல்லாத காரா? மாப்பிள்ளை நம்ம கார்லதான் போயி எறங்கணும்!" கைதட்டல்கூட விழுந்தது.

இன்று சாயங்காலம் மச்சான் அய்யனார் வண்டியை எடுத்துப்போக வருகிறார். இன்றைக்கென்று பார்த்து காலையில் இந்த விளக்கு வந்துவிட்டது. குளிக்கக்கூட விடாமல் கலைமணிதான் கணவரைச் செம்மண்டலத்து ஒர்க்ஷாப்புக்குக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல தம்பி?" என்றாள். "மாப்பிள்ள, அவங்கூட்டாளிங்க, பழத்தட்டு, பலாப்பழம், எல்லாம் இதுலதான் போவுது."

திருநாவுக்கரசு கர்சீப்பை எடுத்து, கதவில் பதிந்திருந்த யாருடைய விரல் ரேகையையோ அழுத்தித் துடைத்தார். கார் வாங்கி நாலு வருடம் ஆகிறது. சீட்டுகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை.

"தம்பிய அவசரப்படுத்தாத கலை. உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். ஆற அமரப் பாக்கட்டும்" என்றவர், மெக்கானிக் பக்கம் குனிந்தார். "இந்த லைட்டு எதனாலல்லாம் எரியும்?"

"அது ஆயிரம் இருக்கு சார். பெட்ரோல் டேங்க் மூடியச் சரியா மூடலன்னாகூட சில வண்டில எரியும்."

"சேச்சே, மூடியா இருக்காது."

"ஸ்பார்க் பிளக்கு தேஞ்சிருக்கலாம்."

"மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரமணி நேரம்."

"அப்ப பிளக்கும் இருக்காது. வேற?"

டேவிட் ராஜ் நிமிர்ந்து ஒரு முறை அவரைப் பார்த்துக்கொண்டான். "பொகையச் சுத்தம் பண்றதுக்குக் கீழ ஒரு கன்வர்ட்டர் இருக்கு சார். அது போயிருந்தா கஷ்டம். சாமான் மெட்ராஸ்லேருந்து வரணும். நாலஞ்சு நாள் வண்டிய வுட்டுட்டுப் போவணும்."

"அப்பிடிச் சொல்லுங்க! எனக்கும் காலைலேருந்து அந்தச் சந்தேகந்தான்."

"ஒங்க வாயில நல்லதே வராதா?" என்று கலைமணி நாற்காலியிலிருந்து முறைத்தாள்.

அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அய்யனாரின் குரல் தவித்தது. "மச்சான், சரியாயிடுமில்ல? கார்ல வர்றோம்னு சம்பந்தி வூட்டுல சொல்லி வச்சிட்டேன். இனிமே பஸ்சுல போயி எறங்குனா மானம் போயிடும் மச்சான்!"

"என்ன மச்சான் இப்பிடிக் கேட்டுட்டீங்க? என் உசுரக் குடுத்தாவது வண்டியக் குடுப்பேன்" என்றார் திருநாவுக்கரசு. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

போனை வைத்ததும் மறுபடி நடை. கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார், வாட்சைப் பார்த்தார், டயரை உதைத்தார், உதைத்த இடத்தைத் துடைத்தார். டேவிட் ராஜ் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடிக்க, இவரும் வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"பெருசா ஏதாச்சும் தெரியுதா தம்பி?"

"கெடச்சிடுச்சு சார்!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமே இல்ல. ஆக்சிஜன் சென்சாருக்குப் போற ஒயரு, சாக்கெட்டுலேருந்து நழுவித் தொங்குது. பள்ளத்துல எங்கியோ எறங்கி ஏறியிருக்கு."

டக்கென்று ஒரு சத்தம். டேவிட் ராஜ் வெளியே வந்து, கையடக்க மெஷின் ஒன்றைக் காரில் சொருகி இரண்டு பட்டனைத் தட்டிவிட்டு இன்ஜினை ஓடவிட்டான்.

மஞ்சள் விளக்கு அணைந்தது.

"பாடலீஸ்வரா!" என்று கலைமணி திருப்பாதிரிப்புலியூர் கோயில் இருந்த திசை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இருங்க, அண்ணங்கிட்டச் சொல்லிட்டு வந்துடறேன். பாவம், துடிச்சிக்கிட்டு இருக்கும்." வெல்டிங் சத்தத்துக்குத் தப்பி, போனைக் காதில் வைத்தபடி ரோட்டோரம் போனாள்.

திருநாவுக்கரசு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, விளக்கு இருந்த இடத்தையே பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியைத் திரும்பப் போட்டார். அந்த விளக்கு எல்லா விளக்குகளோடும் ஒருகணம் மின்னியது. அவர் நிமிர்ந்தார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது போய்விட்டது.

மனைவி நல்ல தூரத்தில் இருக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பிறகு மெக்கானிக்கைச் சைகையால் கிட்டே அழைத்து, சங்கத் தலைவரின் குரலைச் சுத்தமாகக் கழற்றிவைத்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

"தம்பி, நாளைக்கு நிச்சயதார்த்தம் முடியிற வரைக்கும் அது எரியணும்னா எதக் கழட்டணும்?"