வீட்டுக்குள் ஆங்கிலம் மட்டும்

கரண்ட் போனதும் ஜெயராமனின் தையல் மெஷின், ரவிக்கைக் கையைப் பாதி தைத்தபடியே நின்றுவிட்டது.

மோட்டார் வைத்த பிறகு காலால் மிதிக்கும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. அலுத்துக்கொண்டே இன்னொரு ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு கொக்கி தைக்க உட்கார்ந்தார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் தீபிகாவின் குரல் கேட்டது.

"ப்ளீஸ்... டோன்ட்."

பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார். நினைத்தாலும் விரல்கள் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

ஜெயராமன் சுபாவத்திலேயே பயந்தவர். தெருவில் இரண்டு பேர் குரல் உயர்த்தினால் கதவை ஒருக்களித்துவிடுவார். பல்லிக்கே ஒதுங்கி வழிவிடுகிற மனுஷன் என்று அவர் மனைவி மர்பி டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவருக்குப் பேய்ப்படம் ஓடுகிற வீடு பக்கத்து வீடாக வாய்த்தது.

அது தீபிகாவின் புருஷன் ஹரிஷ்குமாரின் ஏற்பாடு. ஆம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்ணைக் கால் சென்டர் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். பேய்ப்படத்தில்தான் மெதுவாகப் பேசுவார்கள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், கற்றுக்கொள்ள அதைவிட லேசான வழி கிடையாது என்று டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கியிருந்தான். டி.வி.யில் ஒருத்தி "ஹூ இஸ் தேர்?" என்பாள். பின்னாலேயே தீபிகாவும் "ஹூ இஸ் தேர்?" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலப் பாட்டு. அதில் அவள் குரல் எப்போதும் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடும்.

வீட்டுக்குள் தமிழ் பேசினால் ஃபைன் என்றும் சொல்லியிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராமனும் சிரித்தார். பெண்டாட்டியை முன்னுக்குக் கொண்டுவர இவ்வளவு மெனக்கெடுகிற பையனை எங்கே பார்க்கமுடியும் என்று தெருவே மெச்சிக்கொண்டது.

சுவரோரம் மெஷின் போட்டிருந்ததால் ஜெயராமனுக்கும் ஓசியில் ஆங்கிலம் வந்தது. புரியாத வரிகளை மனதில் வைத்திருந்து, ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் காலேஜ் பெண்களிடம் அர்த்தம் கேட்டுக்கொள்வார். வாசலில் பார்த்தால் தீபிகாவுக்கு ஒரு குட் மார்னிங் சொல்வார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். புருஷனைப் பார்ப்பாள். சிரித்து வைப்பாள். புதுப்பெண், கூச்சம் போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சில நாள் டி.வி. சத்தம் காதைக் கிழிக்கும். அன்றைக்கெல்லாம் தீபிகா ஒரே வரியை நாலைந்து தரம் சொல்வாள். பாவம், வாயில் நுழையாத வரி போலிருக்கிறது என்று இவர் இரக்கப்படுவார்.

"ப்ளீஸ். லெட் மீ கோ."

இன்றைக்கு நன்றாகவே வருகிறதே! குரலில் நடுக்கம்கூட அசல் மாதிரி இருந்தது. அடுத்த வரியைப் படத்துக்காரி சொல்ல வேண்டும், இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். படத்துக்காரியின் குரலுக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

"லெட் மீ கோ" என்று மறுபடியும் தீபிகாதான் சொன்னாள்.

ஜெயராமன் தலையைத் திருப்பி மெஷினைப் பார்த்தார். மோட்டார் சும்மா கிடந்தது. தெருவில் எந்த வீட்டிலும் ஒரு மிக்ஸி சத்தம்கூட இல்லை.

கரண்ட் இல்லாமல் டி.வி. எப்படி ஓடும்?

போனில் பார்ப்பார்கள், வேறென்ன என்று பயம் உடனே ஒரு சமாதானம் சொன்னது. அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி விஷயம், உனக்கெதற்கு வம்பு, அவன் ஒரு தள்ளு தள்ளினால் நீ எழுந்திருப்பாயா என்று அது அடுக்கிக்கொண்டே போனது.

சுவரில் காதை வைத்தார்.

போன் குரல் எதுவும் இல்லை. சுவரில் ஏதோ மோதியது. அந்த அதிர்வு அவர் கன்னத்தில் தெரிந்தது. அப்புறம் அவள், மூச்சு வாங்க வாங்க, கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

தமிழில் ஒரு தடவை கத்தியிருந்தால் தெருவே திரண்டிருக்கும். ஆங்கிலத்தில் கத்தியதால் அது பாடமாகிவிட்டது. தமிழ் பேசினால் விழும் ஃபைன் காசில்லை, அடி என்று ஜெயராமனுக்கு இப்போது புரிந்தது.

எப்படி எழுந்து போனார் என்று அவருக்கே தெரியாது. ஊசி தொங்கும் ரவிக்கை கையிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. மனைவி வேலை முடிந்து வந்ததும் அவளிடம் சொல்லலாம், அவள் பார்த்துக்கொள்வாள்.

மறுபடியும் தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. வியர்த்து வழியும் முகத்தோடு ஹரிஷ்குமார் சிரித்தான்.

"ஒண்ணுமில்லண்ணா, படம் ஓடுது. கூடவே சொல்லிப் பழகறா. சவுண்டு ஜாஸ்தியா இருக்கா?"

அவன் தலைக்கு மேல் ஃபேன் அசையாமல் நின்றது. பின்னால் டி.வி. கறுப்பாக இருந்தது. அதற்கும் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தீபிகா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

ஜெயராமனின் முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. ஆடுகிற காலையே தூக்கிக் கதவிடுக்கில் வைத்தார்.

"தீபிகா, தமிழ்லயே சொல்லும்மா."